சிறகடி

என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. கையை ஓங்குத ஆளு மாதிரியா இருக்கு?

இல்லைலா. அதைத்தான் நானும் சொல்லுதேன். அங்க நிக்காம்லா ஒரு போலீஸ்காரன், வந்ததுல இருந்து என்னையே பாத்துக்கிட்டு நிக்கான். ஏதோ நான் சுவரேறிக் குதிச்சு ஓடிருவேன்கிற மாதிரி. நான் எங்க ஓட? ஜாமீன்ல இருக்கேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்திருதேன். கொடுங்காயம்னு கேஸு போட்டிருக்காவ. பேரைக் கேட்டாலே பயமா இருக்கும்லா. ஒண்ணுமில்ல அதுல.

உங்களுக்கு என்ன, காம்பவுண்டுச் சுவர்த் தகராறா? சரிதான். பேச்சை வச்சே கண்டுபிடிச்சுட்டேன், நம்ம பக்கம்தான்னு. உடன்குடியா? அட, பக்கத்துல வந்துட்டீய. எனக்குத் தட்டார்மடம். பேரு லிங்கதுரை. மெட்ராஸ் வந்து வருசம் ஓடிப்போச்சு, ஆனா நம்ம ஊர்க்காரன் எதிர்ல உக்காந்தா நாக்கு தன்னால ஊருக்குப் போயிருது.

தொழிலு சினிமா. நடிக்கல. இந்த உலகத்துல இல்லாத மிருகம், பூதம், வேற கிரகத்துல இருந்து வாரது, அதுக்கெல்லாம் உடம்பு செய்யுதவன் நான். எலும்பு எங்க இருக்கு, சதை எங்க பிடிக்கி, எப்படி நடக்கும், எப்படிக் கடிக்கும்னு முதல்ல வரைவேன். பெறகு அதைச் செஞ்சு ஒரு ஆளுக்கு மாட்டி விடுவேன். மத்தவன் எல்லாம் அழகா வரைவான். நான் வரைஞ்சா அது எந்திரிச்சு ஓடும். ஏன்னா நான் கால்நடை மருத்துவம் ரெண்டு வருசம் படிச்சிருக்கேன்.

ஏன் முடிக்கலையா? அது ஒரு சின்னத் தகராறு. நான் ஒரு கோழியோட சிறகெலும்பை எல்லாம் சுத்தமாப் பிரிச்சு, வரிசையா மேசையில வச்சிருந்தேன். பக்கத்து மேசைக்காரன் வெளயாட்டுக்குக் கலைச்சு விட்டுட்டான். கோபம் வருமா வராதா? என் கையில கத்தி இருந்துச்சு, வகுப்புல குடுக்குத சின்னக் கத்தி. அவன் கையைக் குறுக்க நீட்டிட்டான். அவன் நீட்டலேன்னா ஒண்ணும் ஆயிருக்காது. ரெண்டு விரலு மடங்காதுன்னு ஆயிட்டு. பழியை என் தலையில போட்டு வெளிய அனுப்பிட்டானுவ. நான் சண்டைக்காரன் இல்ல அண்ணாச்சி. எங்கிட்ட இருக்குத பொருளை யாரும் கலைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இந்தப் படம் ரகோத்தமன் சார் படம். பெரிய டைரக்டர். கதை என்னன்னா, நம்ம ஆளுவ ஒரு கிரகத்துல போய் இறங்குதாவ, அங்க ஏற்கெனவே ஒரு இனம் இருக்கு. பறக்குத இனம். சண்டை வருது. சிறையர்னு பேரு வச்சிருந்தாரு அந்த இனத்துக்கு. சிறைன்னா பழைய தமிழ்ல சிறகாம். கோர்ட்டு வாசல்ல உக்காந்துக்கிட்டு அந்தப் பேரைச் சொன்னா எவனும் சிரிப்பான். சிரிங்க, தப்பில்ல.

என்னைக் கூப்பிடுததுக்கு முன்னால வேற ஒருத்தன் வரைஞ்சு குடுத்திருந்தான். காலண்டர்ல தேவதூதன் இருப்பாம்லா, அதே மாதிரி. மனுச உடம்பு, ரெண்டு கை, முதுகுல ரெண்டு சிறகு. ஆபீஸ் சுவர்ல பெருசா ஒட்டி வச்சிருந்தாவ. நான் பாத்தேன். பாத்துட்டு, “சார், இது பறக்காது”ன்னேன்.

“ஏன் பறக்காது?”

“அசைக்கச் சதை இல்லையே சார்.”

நீங்க கோழி வாங்குதீயள்லா அண்ணாச்சி, நெஞ்சுக்கறி ஏன் அவ்வளவு தடிமனா இருக்குன்னு யோசிச்சிருக்கீயளா? கோழி நெஞ்சு நடுவுல கத்தியை நிறுத்தி வச்ச மாதிரி ஒரு எலும்பு இருக்கும். அதுல ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு நிக்குத சதைதான் சிறகைக் கீழ இழுக்கி. சரி, கீழ போன சிறகு மேல வரணும்லா? அதுக்கும் சதை நெஞ்சுலதான் இருக்கு, அந்தப் பெரிய சதைக்கு அடியில. நெஞ்சுல இருக்கது எப்படிச் சிறகை மேல தூக்கும்? கிணத்துல வாளி எடுக்குத மாதிரிதான். தோள்ல ஒரு ஓட்டை இருக்கு. சதையில இருந்து ஒரு நாரு அந்த ஓட்டை வழியா மேல போயி, வளைஞ்சு, கையெலும்பைப் பிடிச்சிருக்கு. சதை கீழ இழுத்தா சிறகு மேல போவும். கப்பி மாதிரி. தோள்லயே கப்பி. கடவுள் போட்டது.

இதை எல்லாம் அவருக்குச் சொன்னேன். கையும் வேணும் சிறகும் வேணும்னா ரெண்டு தோளு வேணும், ரெண்டு நெஞ்சு வேணும், அப்படி ஒண்ணு நடக்கவே செய்யாது, குப்புற விழும்னு சொன்னேன். கைதான் சிறகு. வௌவாலுக்கு அப்படி, காக்காய்க்கு அப்படி, இதுக்கும் அப்படித்தான்னேன்.

அவரு யோசிச்சாரு. “கை இல்லாம ஹீரோகூட எப்படிச் சண்டை போடும், லிங்கதுரை?”

“சிறகாலேயே அடிக்கும் சார்.”

அவரு கண்ணுல அப்ப ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க. சுவர்ல இருந்த தேவதூதனை அவரே கையால கிழிச்சாரு. அந்தக் கோடைகாலம் பூரா எனக்குத்தான்.

அந்தக் கிரகத்துல காத்து நம்ம காத்தை விடக் கனம், கஞ்சி மாதிரின்னு வச்சுக்கிட்டேன். தரை இழுக்குத இழுப்பும் கம்மி. அப்பத்தான் மனுசன் அளவு உடம்பு மேல எந்திரிக்கும். உள்ள எலும்பு எல்லாம் குழாய். கையில கடைசி விரலு மட்டும் உடம்பு நீளத்துக்கு வளந்திருக்கும், அந்த விரல்ல இருந்து தொடை வரைக்கும் தோலு. மத்த விரலு எல்லாம் மணிக்கட்டுப் பக்கம் குட்டையா, பிடிக்குததுக்கு. பெருவிரலுக்குக் கீழ, சிறகு மடங்குத எடத்துல, ஒரு முண்டு. முழங்கால் சில்லு மாதிரி கெட்டி எலும்பு. அடிக்குதது அதாலதான். நான் இட்டுக்கட்டல. சில பறவைக்கு அந்த எடத்துல முள்ளே உண்டு. அன்னத்துக்கும் பெரிய வாத்துக்கும் அந்த மடிப்புதான் ஆயுதம்.

ஆனா எவ்வளவு வேகத்துல அடிக்கும், அடி எப்படி விழும்னு படத்தைப் பாத்தா தெரியாது அண்ணாச்சி. வாங்கிப் பாக்கணும்.

கடற்கரை ரோட்டுல ஒரு தோட்டத்து வீட்டுல கூஸ் வாத்து வளத்தாவ. நம்ம ஊரு வாத்து இல்ல, கழுத்து நீண்டு இடுப்பு உசரம் வரும், நாய்க்குப் பதிலாக் காவலுக்கு வளக்குதது. வாச்மேன் கிட்ட சொல்லிட்டு உள்ள போனேன். குஞ்சு பக்கத்துல போயி நின்னேன். ஆண் வாத்து தலையைத் தாழ்த்திக்கிட்டு ஓடி வந்துச்சு. நான் முழங்கையை நீட்டிக் குடுத்தேன். அப்பா, ஒரு அடி. இரும்புக் குழாயால அடிச்ச மாதிரி. கறுத்துப் போச்சு. இன்னொண்ணு, தொடையில. அப்பத்தான் புரிஞ்சுது, அது கையால அடிக்கல. சிறகைப் பாதி மடக்கிக்கிட்டு, முதுகை ஒரு முறுக்கு முறுக்கி, உடம்போட கனத்தை எல்லாம் கொண்டு வந்து அந்த முண்டுல வைக்கி. நான் ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கிட்டே வாங்கினேன். சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்லல.

பெறகு அது அலகால தொடைச் சதையைப் பிடிச்சுக்கிட்டு விடல. என் கைக்குக் கழுத்துதான் அம்புட்டுச்சு. முறுக்கிட்டேன். வாச்மேன் கத்திக்கிட்டு வந்தான். அவனைத் தள்ளல, விலக்கினேன். தொட்டி அங்க இருந்துச்சு, அவன் போயி அதுல விழுந்தான். பல்லு போனதுக்கு நான் என்ன செய்ய?

வாத்தை வீணாக்கலாமா? வீட்டுக்குக் கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில வச்சுப் பிரிச்சேன். வசந்தகனி, என் பொண்டாட்டி, அடுக்களையில இருந்து வந்தவ அப்படியே நின்னுட்டா. மேசையில இருந்து ரத்தம் நாற்காலியில சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

“இதுலதான நாம சாப்பிடுதோம்”னா.

“இங்கதான் ஏட்டி வெளிச்சம் நல்லாருக்கு”ன்னேன்.

அவளைப் பத்தி ஒரு குறை சொல்ல மாட்டேன். பொறுமைசாலி. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டா. நான் பறவைத் தோளைப் பாத்தாச்சு, மனுசத் தோளு எதுவரைக்கும் போவும்னு பாக்கணும்லா, மாட்டிக்கிடப் போறது மனுசன்தான். அவளைக் கூப்பிட்டுக் கையைப் பின்னால கொண்டு போயி மேல தூக்கிப் பாத்தேன். வலிக்குன்னா. அங்கதான நிறுத்திப் பாக்கணும்? இன்னும் கொஞ்சம் போவுதான்னு பாத்தேன். அவ கத்தல. மேசையில கன்னத்தை வச்சுக்கிட்டா. பொம்பளையளுக்கு வலி தாங்குத சக்தி ஜாஸ்தி அண்ணாச்சி. அந்தக் கோடையில அடிக்கடி அவகிட்டதான் அளவு பாத்தேன். அந்த வெயில்லயும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கிட்டுத் திரிவா. வேர்த்துக் கொட்டும். எதுக்குப் போடுதான்னு எனக்கே விளங்கல. கேட்டா, சும்மாம்பா.

அவளுக்கு ஒரே தம்பி. தங்கப்பழம். தாய் தகப்பன் இல்லாமப் போன பெறகு அவதான் வளத்தா. நான்தான் மெட்ராஸுக்குக் கூட்டிக்கிட்டு வந்து ஸ்டண்ட் ஆளுங்க கூட்டத்துல சேத்து விட்டேன். தங்கமான பய. மாடியில இருந்து குதிப்பான், கண்ணாடியை உடைச்சுக்கிட்டு வருவான், ஒரு நாளு கூட வலின்னு சொன்னவன் இல்ல. “அத்தான் செஞ்சதுன்னா கண்ணை மூடிக்கிட்டு மாட்டிக்கிடுவேன்”ம்பான். அதனாலதான் சிறகு மாட்டுத வேலைக்கு அவனையே கேட்டு வாங்கினேன். சண்டைக் காட்சிக்கு கம்ப்யூட்டர் வேண்டாம், நிசச் சிறகுதான் வேணும்னு ரகோத்தமன் சார் சொல்லிட்டாரு.

சிறகு வந்துச்சு பாருங்க. மூங்கிலு, கார்பன் குழாய், மேல ரப்பர்த் தோலு. விரிச்சா இந்த வராண்டா நீளம். கை உள்ள போயிரும். நெஞ்சுக்கு ஒரு கவசம், அக்குளுக்கு அடியில வாரு போட்டு இறுக்கணும். தோள்மேல நெசமாவே கப்பி வச்சேன். கயிறு மணிக்கட்டுல இருந்து கப்பி வழியா இடுப்புக்கு வரும், அங்க இருந்து வெளிய. கேமராவுக்குத் தெரியாம ரெண்டு பேரு இழுத்தா சிறகு எந்திரிக்கும். கடவுள் போட்ட அதே கணக்கு.

முண்டை ரப்பர்ல செய்யச் சொன்னாரு ஸ்டண்ட் மாஸ்டர். ரப்பர்ல செஞ்சா கனம் வராது, கனம் வரலேன்னா வீச்சு வராது. நைலான் கட்டையில கடைஞ்சு மேல மெலிசா ரப்பர் ஒட்டிட்டேன். அவருகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கலே. சொன்னா விளங்கவா போவுது?

ஒத்திகையில மணல் மூட்டையைத் தொங்க விட்டு அடிக்கச் சொன்னோம். தங்கப்பழம் ஒரு முறுக்கு முறுக்கி அடிச்சான். மூட்டை கிழிஞ்சு மணல் கொட்டிச்சு. எல்லாரும் கை தட்டுனாவ. அவன் மட்டும் எங்கிட்ட வந்து, “அத்தான், அக்குளுக்குள்ள எரியி. கை மரத்து மரத்துப் போவுது”ன்னான்.

“பறவைக்கு மரக்குமாலே?” அப்படின்னேன்.

சிரிச்சான். நல்ல பய.

ஆனா ஒண்ணு. வாரைக் கொஞ்சம் தளர்த்தினாலும் சிறகு தொங்கிப் போவும். அந்தக் கோணம் போச்சுன்னா எல்லாம் போச்சு. அதனால நான் இன்னும் ரெண்டு ஓட்டை தள்ளி இறுக்கித்தான் கட்டுவேன். பெறகு பாத்தா அவன் சாப்பாட்டை இடது கையால அள்ளித் திங்கான். “என்ன மாப்ள, புதுப் பழக்கம்?”னேன். “வலது கை கனமா இருக்கு அத்தான்”னான். அவங்க அக்கா எனக்குத் தெரியாம அவன் தோள்ல எண்ணெய் தேச்சு விட்டுக்கிட்டு இருந்தா. நான் வந்ததும் எந்திரிச்சுப் போயிருவா. எதுக்கு ஒளிச்சுச் செய்யணும்? நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்?

சூட்டிங்கு செங்கல்பட்டுக்கு அங்குட்டு ஒரு பழைய கல்குவாரி. சுத்திப் பாறை, நடுவுல பள்ளம், வேற கிரகம் மாதிரியே இருக்கும். வெயிலுன்னா அப்படி ஒரு வெயிலு. கிரேன்ல கம்பி கட்டித் தங்கப்பழத்தை மேல தூக்கி, சறுக்கி வந்து, ஹீரோ கூட்டத்துல நாலஞ்சு ஆளுவளைச் சிறகாலயே அடிச்சு வீழ்த்தணும். அடி வாங்குதவன் உடுப்புக்குள்ள பஞ்சு வச்சுத் தச்சிருந்தோம். அப்படியும் முதல் டேக்குல ஒருத்தனுக்கு விலா போச்சு. இன்னொருத்தன் வாந்தி எடுத்தான். ஸ்டண்ட் மாஸ்டர் முண்டை அமுக்கிப் பாத்துட்டு என்னை மொறச்சாரு. ரகோத்தமன் சார் மானிட்டரைப் பாத்து, “இது வேற மாதிரி இருக்குய்யா”ன்னாரு. வேற மாதிரிதான இருக்கும். நெசம்லா அது.

டேக்கு மேல டேக்கு போச்சு. ஒரு கட்டத்துல தங்கப்பழம் கீழ இறங்கி மண்டி போட்டு உக்காந்துட்டான். உதடு வெளுத்துப் போச்சு.

“அத்தான், கையே இல்லாத மாதிரி இருக்கு. கொஞ்சம் கழட்டி விடுங்க.”

டைரக்டரும், “பிரேக் விட்டுருவோம்”னாரு.

நான்தான் வேண்டாம்னேன். ஏன்னா அந்தக் கடைசி டேக்குல, கீழ வரும்போது, சிறகு நுனி மேல வளைஞ்சு காத்தைப் பிடிச்சுது. பருந்து வட்டம் போடும்போது நுனி வளையும் பாத்திருக்கீயளா, அதே வளைவு. அந்தக் கோடை பூரா அதுக்காகத்தான் நான் தூங்காம அலைஞ்சேன். கழட்டி மாட்டினா அது திரும்ப வருமா? “ஒண்ணே ஒண்ணு, மாப்ள”ன்னேன். அவன் தலையை ஆட்டினான். ஆமாங்கிற மாதிரியும் இருந்துச்சு, இல்லைங்கிற மாதிரியும் இருந்துச்சு. நான் ஆமான்னு எடுத்துக்கிட்டேன்.

கயிறு இழுக்குத ரெண்டு பேரும் பயந்து பயந்து இழுத்தானுவ. நானே வாங்கிக்கிட்டேன். அவன் மேல இருந்து வாரான், நான் இழுக்கேன், சிறகு முழுசா எந்திரிக்கி. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நுனி வளைஞ்சுது அண்ணாச்சி. அப்பத்தான் அவன் ஒரு சத்தம் போட்டான். மாட்டுக்குச் சூடு போடும்போது வரும்லா, அப்படி ஒரு சத்தம். பாறையில முட்டித் திரும்பி வந்துச்சு. கயிறு என் கையில லேசாப் போச்சு, உள்ள என்னமோ விட்டுப் போன மாதிரி.

இறக்கினாவ. ஆளு கிடந்து துடிக்கான். எல்லாரும் ஓடுதாவ. இடது சிறகைக் கழட்டிட்டாவ, வலது பக்கம் வாரு இறுகிப் போயி கழலல. தங்கப்பழம் இடது கையை நீட்டி, துணி வெட்டுதவன் கிட்ட இருந்து ஒரு கத்தியை வாங்கினான். வாங்கி, என்ன செஞ்சான் தெரியுமா?

கயிறை அறுத்தான். தோள் கப்பியில போவுத மெயின் கயிறை. பெறகு தோலைக் கிழிச்சான். விரலு நெடுகக் கிழிச்சான். மூங்கிலைக் கால்ல மிதிச்சு உடைச்சான். என் கண்ணு முன்னால. வலது சிறகு, அண்ணாச்சி. நுனி வளைஞ்ச அந்தச் சிறகு.

“ஏலே, வாரை மட்டும் அறுலே”ன்னு நான் கத்துதேன். அவன் என்னைப் பாத்து, “அக்கா கையையும் இப்படித்தான முறுக்குனீரு”ன்னான். சம்பந்தம் இல்லாமப் பேசுதான் பாத்துக்கிடுங்க. சிறகைப் பத்திப் பேச்சு நடக்கும்போது அக்கா எங்க வந்தா?

கழட்டின இடது சிறகு கீழ கிடந்துச்சு. நான் எடுத்தேன். எடுக்கணும்னு நினைக்கல, கை எடுத்துட்டு. உள்ள கையைக் குடுத்து, பாதி மடக்கி, முதுகை ஒரு முறுக்கு. அந்த வாத்து எனக்குச் சொல்லிக் குடுத்ததை அப்படியே. அவன் காறையெலும்புல விழுந்துச்சு. கரும்பை ஒடிக்குத சத்தம். கழுத்துக்குக் கீழ எலும்பு தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளிய எட்டிப் பாத்துச்சு. ரத்தம் அந்த வெள்ளைப் பாறையில விழுந்து அப்படியே காஞ்சுது, அவ்வளவு சூடு.

நான் ஒரு அடின்னு சொல்லுதேன். எப்.ஐ.ஆர்.ல மூணுன்னு போட்டிருக்கு. கேமரா ஓடிக்கிட்டு இருந்திருக்கு, யாரும் நிறுத்தலை. அதுல எண்ணிப் பாத்தாவளாம். இருக்கலாம். நான் எண்ணிக்கிட்டா இருந்தேன்? எனக்கு ஞாபகம் இருக்கது, திரும்பி ரகோத்தமன் சாரைப் பாத்து, “எப்படி எறங்குச்சு பாத்தீங்களா சார்”னு கேட்டது. அவரு வாயைப் பொத்திக்கிட்டு நின்னாரு. பெரிய டைரக்டரு. ரத்தத்தைப் பாத்ததும் அவ்வளவுதான்.

ஸ்டண்ட் ஆளுவ எல்லாம் சேந்து என்னை அடிச்சானுவ. இந்தா, இந்தப் புருவம் அதுல கிழிஞ்சதுதான். கீழ தள்ளி மிதிச்சானுவ. அதுக்குக் கேஸு இல்ல பாருங்க. யாரும் எழுதல.

எனக்கு ஜெயிலுக்குப் போயிருவேங்கிறது கூட வருத்தமில்ல. வருத்தம் எதுக்குன்னா, அந்த இடது சிறகை இப்ப இங்கதான் வச்சிருக்காவ, தடயப் பொருள்னு. போன வாய்தாவுக்குக் கொண்டு வந்து காட்டினாவ. மடக்கக் கூடாத பக்கமா மடக்கி, சாக்குல சுத்தி, சணல் போட்டுக் கட்டி, அரக்கு முத்திரை வச்சிருக்கான். விரலு நாலு எடத்துல ஒடிஞ்சிருக்கும். “அம்மா, அது அந்தப் பக்கம் மடங்காது”ன்னு எந்திரிச்சுச் சொன்னேன். ஜட்ஜம்மா என் வக்கீலைப் பாத்து, “உங்க ஆளை உக்காரச் சொல்லுங்க”ன்னுட்டாவ.

வசந்தகனி அன்னைக்கே பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. தம்பியைப் பாத்துக்கிடணும்லா, ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு அவன் என்ன செய்வான். நான் போகாதேன்னு சொல்லலே. போன் போட்டா எடுக்க மாட்டா. வேலை இருக்கும். இன்னைக்கு அவன் சாட்சிக் கூண்டுல ஏறுத நாளு. எல்லாத்தையும் நல்லவிதமாச் சொல்லி முடிச்சு விட்டுருவான்னு நினைக்கேன். என் வக்கீல் அப்படி நினைக்கல. வக்கீலுக்கு எங்க குடும்பத்தைப் பத்தி என்ன தெரியும்?

அந்தா வாராவ. படியில பாருங்க. பச்சைச் சேலை, அவதான். அவனைப் பிடிச்சுக்கிட்டு வாரா. அரைக்கை ரவிக்கை போட்டிருக்கா, பாத்தீயளா? இப்பத்தான் புத்தி வந்திருக்கு. ஏட்டி, கனி. ஏட்டி.

காது கேக்கல போல. சத்தம் ஜாஸ்தி இங்கன.

தங்கப்பழம் ஒரு சுத்து இளைச்சுட்டான். கோர்ட்டு ஹாலு கதவு பழைய மரக்கதவு, கனம். அந்தா, வலது கையாலயே தள்ளுதான். வீம்பு. பாருங்க, அவன் முதுகைப் பாருங்க அண்ணாச்சி, சட்டைக்குள்ள. கையை வச்சுத் தள்ளத் தள்ள, தோள்பட்டை எலும்பு அப்படியே பின்னால எந்திரிச்சு வெளிய வருது பாத்தீயளா? சட்டையைக் கூடாரம் மாதிரித் தூக்குது. விலாவோட ஒட்டிக் கிடக்க வேண்டிய எலும்பு அது. அதைப் பிடிச்சு வச்சிருக்குத சதைக்குப் போவுத நரம்பு செத்துப் போச்சாம், அந்த வாரும் இழுப்பும் சேந்து. இனிமே கை தோளுக்கு மேல எந்திரிக்காதாம். டாக்டர் எழுதிக் குடுத்த சர்ட்டிபிகேட்டுல அதுக்குப் பேரே சிறகுத் தோள்பட்டைன்னு போட்டிருக்காம். வக்கீல் சொன்னாரு. நான் நம்பல. இப்ப என் கண்ணால பாக்கேன்.

என்ன அழகா எந்திரிக்கி. நாரு இல்ல, கப்பி இல்ல, ஒண்ணுமில்ல. நான் ஒரு கோடை பூரா மண்டையை உடைச்சும் இந்த எடத்தை யோசிக்கவே இல்லியே. கதவு மூடிச்சு. திரும்ப வெளிய வரும்போது இன்னொரு தடவை பாக்கணும், பக்கத்துல போயி. பேனா இருக்கா உங்ககிட்ட? மறந்து போவதுக்குள்ள உள்ளங்கையிலயாவது வரைஞ்சு வச்சுக்கிடுதேன்.

என்ன அண்ணாச்சி, ஏன் எந்திரிச்சுட்டீய? உங்க பேரை இன்னும் கூப்பிடலியே.